பரவாயில்லை, குட்டிதானே!

இரண்டு மாத லாப்ரடார் குட்டி நம் மேல் தாவினால் அதன் முன்னங்கால்கள் முழங்காலைக்கூட ஒழுங்காக எட்டாது. எடை நான்கைந்து கிலோ இருக்கும். குனிந்து தூக்கிக் கொஞ்சாமல் இருப்பது யாருக்கும் கடினம். அதே குட்டி ஒன்றரை வயதில் முப்பது கிலோவை நெருங்கிவிடும். ராஜபாளையம் ஆண் நாய்க்குத் தோள் உயரமே 65 முதல் 75 சென்டிமீட்டர். பின்னங்கால்களில் எழுந்து நின்றால் அதன் பாதங்கள் பாட்டியின் தோளில் போய் விழும். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் கத்துவார்கள். நாயோ புதிதாக எதையும் செய்யவில்லை. முதல் வாரத்தில் எதற்காகத் தூக்கிக் கொஞ்சினார்களோ, அதையே அதே ஆர்வத்தோடு செய்கிறது. மாறியது எடை மட்டும்தான்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு கவலையும் உண்டு. தாவும் குட்டியின் நகம் குழந்தையின் காலிலோ கையிலோ கோடு போடும். இரத்தம் வராத சிறு கீறலைக்கூட உலக சுகாதார நிறுவனம் ரேபிஸ் தொற்று வாய்ப்பின் இரண்டாம் வகையில் வைக்கிறது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்தால் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலினும் சேரும். ஆசையில் பட்ட கீறலா, கோபத்தில் பட்ட கீறலா என்பது இந்தக் கணக்கில் வராது. குட்டிகளுக்கு முதல் ரேபிஸ் ஊசி பெரும்பாலும் மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. அதாவது, எந்த வயதில் குட்டி கண்டவர் மேலெல்லாம் தாவுகிறதோ, அந்த வயதில் அதற்கு இன்னும் பாதுகாப்பு வந்திருக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று கீறலோடு அரசு மருத்துவமனை வரிசையில் நின்றுவிட்டால், அந்தத் தெருவில் குட்டிக்கும் அதை வளர்ப்பவர்களுக்கும் நல்ல பெயர் மிஞ்சாது. ஆகவே இதை அழகான குறும்பு என்று தள்ளிவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

தாவலை நிறுத்தும் முன் அது என்ன செயல் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்துவிட வேண்டும். வாசல் கதவு திறக்கும் நொடியில் குட்டியைக் கவனியுங்கள். காதுகள் பின்னால் மடிந்து தலையோடு ஒட்டிக்கொள்கின்றன. வாலோடு இடுப்பும் சேர்ந்து ஆடுகிறது. நாக்கு நுனி வெளியே வந்து வந்து உள்ளே போகிறது. நம் கையிலிருக்கும் பையை அது பார்ப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறது, குறிப்பாக வாயை. பிறகு பின்னங்கால்கள் லேசாக மடங்குகின்றன, உடல் எடை பின்பக்கம் நகர்கிறது, மார்பு மேலே எழுகிறது. எழுந்த கையோடு மூக்கு நம் முகவாயை நோக்கி நீள்கிறது. எட்டாதபோது ஒரு குதி.

இந்த அசைவுகளின் வேர் ஓநாய்க் குகையின் வாசலில் இருக்கிறது. வேட்டைக்குப் போன பெரிய ஓநாய்கள் திரும்பி வரும்போது குட்டிகள் ஓடிப்போய் அவற்றின் வாயை நக்கும், மூக்கால் முட்டும். அந்தத் தூண்டலில் பெரிய ஓநாய் தன் இரைப்பையில் சுமந்து வந்த இறைச்சியைக் குட்டிகளின் முன் கக்கும். பால்குடி மறக்கும் பருவத்தில் குட்டிகளின் முதல் திட உணவு அதுதான். வளர்ந்த பிறகும் ஓநாய்கள் இந்த வாய்நக்கலை விடுவதில்லை. மூத்தவற்றைச் சந்திக்கும்போது காது மடித்து, உடல் தாழ்த்தி, வாயோரம் நக்கி வரவேற்கின்றன. உணவு கேட்கும் குழந்தைச் செயலே வயதானதும் பணிவும் பாசமும் காட்டும் முகமனாக மாறுகிறது என்று சுவிட்சர்லாந்தின் விலங்கியலாளர் ரூடால்ஃப் ஷெங்கெல் 1967ல் எழுதினார். நாய்களிடமும் இது அழிந்துவிடவில்லை. மேற்கு வங்கத்தின் காட்வாவில் தெருநாய்களைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்த சுனில் குமார் பால், தாய் நாய்கள் குட்டிகளுக்கு உணவு கக்கிக் கொடுப்பதைப் பதிவு செய்திருக்கிறார். நம் தெருமுனையிலும் இது நடக்கிறது. நின்று பார்க்க நமக்குத்தான் நேரமில்லை.

தாய் நாயின் வாய் குட்டிக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. நம் வாய் கிட்டத்தட்ட ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. குட்டி தாவுவதற்கு முதல் காரணம் இந்த உயர வித்தியாசம்தான். நாம் தரையில் உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலான குட்டிகள் தாவுவதை விட்டுவிட்டு முகத்தருகே நெளிய ஆரம்பிப்பதைப் பார்க்கலாம்.

இவ்வளவு பணிவான ஒரு செயலை ஆதிக்கம் என்று தவறாகப் படித்த ஒரு நீண்ட காலம் இருந்தது. நாய் தாவினால் அது உங்களை அடக்கப் பார்க்கிறது, நீங்கள்தான் தலைவர் என்று காட்டுங்கள் என்று பயிற்சியாளர்கள் சொன்னார்கள். முழங்காலால் மார்பில் இடி, பின்பாதத்தை மிதி, முன்னங்காலைப் பிடித்து நசுக்கு, மல்லாக்கப் புரட்டி அமுக்கு என்றெல்லாம் யோசனைகள் வந்தன. இந்த எண்ணத்துக்குத் தீனி போட்டதும் ஓநாய் ஆராய்ச்சிதான். பாசல் உயிரியல் பூங்காவின் அடைப்புக்குள் இருந்த ஓநாய்களைப் பார்த்து இதே ஷெங்கெல் 1947ல் எழுதிய ஆய்வு, ஓநாய்க் கூட்டத்தைப் பதவிப் போட்டியாகச் சித்திரித்தது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச்சின் 1970ஆம் ஆண்டு நூல் அந்தப் படத்தை உலகம் முழுக்கக் கொண்டுசென்றது. பிறகு மீச் கனடாவின் எல்ஸ்மியர் தீவில், அடைப்பில்லாமல் சுதந்திரமாக வாழும் ஓநாய்களைப் பல கோடைகள் கூடவே இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, அவர்களின் பிள்ளைகள். அடித்துப் பிடித்துத் தலைமைக்கு வந்தவர் யாருமில்லை. 1999ல் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதி, தன் பழைய நூலின் கருத்தைத் தானே திருத்தினார். அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் அதுவும் ஒன்று.

அடித்துத் திருத்துவதால் வரும் ஆபத்துக்கும் சான்று இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மேகன் ஹெரனும் சக ஆய்வாளர்களும், நடத்தைச் சிக்கலுக்காக நாய்களைக் கூட்டிவந்தவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை 2009ல் வெளியிட்டார்கள். நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்குச் சீறியதாகவோ கடிக்க வந்ததாகவோ சொன்னார்கள். மல்லாக்கப் புரட்டியவர்களில் 31 சதவீதம். இவை ஏற்கெனவே சிக்கலோடு வந்த நாய்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும், வரவேற்க ஓடிவந்த ஓர் உயிரின் மார்பில் முழங்காலால் இடித்தால் அது என்ன கற்றுக்கொள்ளும்? வாசலில் வருகிற மனிதர் ஆபத்தானவர் என்று கற்றுக்கொள்ளும். தாவுகிற நாயைவிட, விருந்தாளியைக் கண்டு பயந்து உறுமுகிற நாய் வீட்டுக்குப் பெரிய தலைவலி.

சரி, ஓநாய்க் காலத்து வழக்கம் என்றால் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். தூண்டுதல் பிறவியிலேயே வந்தாலும், அது நிலைப்பதும் தேய்வதும் அனுபவத்தைப் பொறுத்தது. எட்வர்ட் தார்ண்டைக் 1898ல் மரப்பெட்டிகளுக்குள் பூனைகளை வைத்து அவை எப்படி வெளியே வருகின்றன என்று நேரம் குறித்துப் பார்த்தார். தாழ்ப்பாளைத் திறந்த அசைவு எதுவோ அது அடுத்தடுத்த முறைகளில் சீக்கிரம் வந்தது. பயன் தராத பிறாண்டலும் கத்தலும் மெல்ல உதிர்ந்தன. நல்ல விளைவு தந்த செயல் திரும்பி வரும் என்ற அந்த விதிதான் இன்றைய விலங்குப் பயிற்சி முழுவதற்கும் அடித்தளம். இதை நம் வாசலுக்குக் கொண்டுவந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தாவியதும் குட்டிக்கு என்ன கிடைக்கிறது?

பலர், ‘ஒன்றுமே கிடைப்பதில்லை, திட்டுதான் விழுகிறது’ என்பார்கள். குட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படியில்லை. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை ஆராய்கிறது. அறிமுகமில்லாத மனிதர் ஒருவர் மீண்டும் மீண்டும் வந்து சில நாய்களுக்கு உணவு தந்தார், சிலவற்றைத் தலையில் தடவிக் கொடுத்தார். நாள்பட நாள்பட அவரை அதிகம் நம்பி நெருங்கியவை தடவப்பட்ட நாய்கள்தான். 2017ல் வெளியான இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது; கல்லடிபட்டே வளரும் நாய்களுக்கும் மனிதக் கை அவ்வளவு வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் எரிகா ஃபாயர்பாக்கரும் கிளைவ் வின்னும் 2015ல் வேறொன்றைக் காட்டினார்கள். தடவலா, வாய்ப் பாராட்டா என்று தேர்ந்தெடுக்க விட்டபோது நாய்கள் தடவலின் பக்கமே நின்றன. ஆக, தொடுகை மிகப் பெரிய கூலி.

இப்போது வீட்டைப் பாருங்கள். அப்பா ‘ஏய், இறங்கு!’ என்று சொல்லி இரண்டு கைகளாலும் மார்பைப் பிடித்துக் கீழே தள்ளுகிறார். முகம் தன் பக்கம் திரும்பியது, குரல் கிடைத்தது, இரண்டு கைகளும் உடம்பில் பட்டன. கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டு விளையாடிய ஓர் உயிருக்கு மார்பில் தள்ளுவது என்பது விளையாட்டுக்கு அழைப்பு. அம்மா ‘வேண்டாம்டா செல்லம்’ என்று கெஞ்சியபடி பின்னால் நகர்கிறார்; குட்டி துரத்துகிறது. சின்னவள் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். பாவாடை நுனி பறக்கிறது, அதைவிடச் சுவாரசியமான பொருள் அந்த நேரத்தில் உலகத்தில் இல்லை. மூவரும் தாங்கள் தடுத்ததாக நினைக்கிறார்கள். மூவருமே கூலி கொடுத்திருக்கிறார்கள்.

கூலியை நிறுத்தினால் என்ன ஆகும்? இதற்கு விடை ஹார்வர்டில் பி.எஃப். ஸ்கின்னருக்கு ஒரு கருவி கெட்டுப்போனதால் கிடைத்தது. எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும் பெட்டியில் ஒருநாள் உணவு விழும் வழி அடைத்துக்கொண்டது. எலி தொடர்ந்து அழுத்தியது. பதிவுத்தாளில் அதன் வேகம் ஓர் ஒழுங்கான வளைகோடாகத் தணிந்துகொண்டே போயிருந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஆய்வகத்தில் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. இந்தக் கண்டுபிடிப்பு தன்னோடு போய்விடக் கூடாதே என்று அந்த வார இறுதி முழுக்கச் சாலையைக் கூட மிகக் கவனமாகக் கடந்ததாகப் பின்னாளில் எழுதினார். கூலி நின்றால் செயல் தணியும் என்பது அந்த வளைகோட்டின் செய்தி.

ஆனால் தணிவதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் முயற்சி தோற்பது அங்கேதான். அணையப்போகும் விளக்கு ஒருமுறை சுடர்விட்டு எரியும் என்பார்களே, அதுபோல, இதுவரை பலித்த செயல் திடீரென்று பலிக்காமல் போனால் விலங்கு அதை விடுவதற்கு முன் இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். தாவல் உயரும், குரைப்பும் சேரும், சட்டை நுனியைக் கவ்வி இழுக்கும். ‘கண்டுகொள்ளாமல் விட்டால் இன்னும் மோசமாகிறது’ என்று அந்த நாளில் கைவிட்டு, குனிந்து குட்டியைச் சமாதானப்படுத்துகிறவர், மிக உயரமான தாவலுக்குக் கூலி கொடுத்துவிடுகிறார். அதன் பிறகு குட்டி அந்த உயரத்திலிருந்தே தொடங்கும்.

ஸ்கின்னருக்குக் கிடைத்த இன்னொரு விடையும் ஒரு பற்றாக்குறையில் பிறந்தது. ஒரு சனிக்கிழமை எலிகளுக்கான உணவு உருண்டைகள் திங்கட்கிழமைக்குள் தீர்ந்துவிடும் போலிருந்தது. ஒவ்வோர் அழுத்தலுக்கும் கொடுக்காமல் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கொடுத்துப் பார்த்தார். எலிகள் அழுத்துவதை விடவில்லை. இதைத் தொடர்ந்து சார்லஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து புறாக்களை வைத்துப் பல ஆண்டுகள் செய்த சோதனைகளை 1957ல் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். எப்போதாவது மட்டும் கூலி கிடைத்த செயல், ஒவ்வொரு முறையும் கூலி கிடைத்த செயலைவிட, கூலி முற்றிலும் நின்ற பிறகும் வெகுநேரம் நீடிக்கும். ஒவ்வொரு முறையும் கிடைத்து வந்தது நின்றால் உடனே தெரிந்துவிடும். எப்போதாவது கிடைப்பது நின்றுவிட்டதா, அடுத்த முறை வருமா என்று எப்படித் தெரியும்?

வீட்டில் நான்கு பேரும் சரியாக நடந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை உறவினர் வருகிறார். குட்டி தாவுகிறது. ‘அத்தை, ஒரு நிமிஷம், அவன் உட்கார்ந்த பிறகு தொடுங்க’ என்கிறோம். ‘ஐயோ, பரவாயில்லப்பா, குட்டிதானே! எங்க வீட்லயும் இருக்கு’ என்று அத்தை அதன் இரண்டு பாதங்களையும் பிடித்துக் குலுக்குகிறார். அந்த வாரம் முழுக்க மறுக்கப்பட்ட ஒன்று ஒரே ஒருமுறை, மிகவும் தாராளமாகக் கிடைத்துவிட்டது. பெருந்தன்மையால் சொல்லப்பட்ட அந்த ஒரு சொல், எப்போதாவது கூலி என்ற ஸ்கின்னரின் ஏற்பாட்டை நம் வாசலில் அச்சு மாறாமல் அமைத்துவிடுகிறது. நாய் வளர்ப்பில் எனக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் வலியுறுத்த அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன்: குட்டியை மாற்றுவதற்கு முன் அதைத் தொடுகிற கைகளை எல்லாம் ஒரே மாதிரி நடக்கவைக்க வேண்டும்.

கண்டுகொள்ளாமல் இருப்பது மட்டும் போதுமா என்றால், போதாது. எதைச் செய்யக் கூடாது என்று அது சொல்கிறது; எதைச் செய்யலாம் என்று சொல்வதில்லை. இன்னொரு காரணம் குட்டியின் நலம். சுவீடனில் தெரெசா ரேனும் சக ஆய்வாளர்களும் 2014ல் வெளியிட்ட ஆய்வில், பழகிய மனிதர் திரும்பி வந்ததைப் பார்த்ததுமே நாய்களின் இரத்தத்தில் பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ஏறியது. அவர் தொட்டும் பேசியும் வரவேற்றபோது அந்த ஏற்றம் அதிக நேரம் நீடித்தது. மறுபடி சந்திப்பது நாய்க்கு உடலளவிலேயே ஒரு நிகழ்வு. அதைப் பிடுங்கிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. சந்திப்பு நடக்கட்டும், தடவலும் நடக்கட்டும். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது நடக்கட்டும்.

ஒரே நேரத்தில் செய்ய முடியாத இரண்டு செயல்களில் ஒன்றுக்கு மட்டும் தாராளமாகக் கூலி கொடுத்தால் மற்றது தானாகவே இடம் இழக்கும் என்பதே இதன் சூத்திரம். உட்கார்ந்திருக்கும் நாயால் தாவ முடியாது. செய்முறை இப்படி.

வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியை, உப்பும் மசாலாவும் இல்லாமல், நிலக்கடலைப் பருப்பில் பாதி அளவுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். சைவ வீடென்றால் பனீர் அல்லது வெந்த கேரட். வெங்காயம், திராட்சை, சாக்லெட் எந்தக் காரணம் கொண்டும் கூடாது. நாய்க்கு அவை நஞ்சு. கூடத்து ஜன்னல் கம்பியில் குட்டியின் வாரைக் கட்டுங்கள். கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டை நல்லது, எகிறினால் தொண்டை நெரியாது. நீங்கள் நாலைந்து அடி தள்ளி நின்று, சாதாரணமாக நடந்து குட்டியை நோக்கி வாருங்கள். முன்பாதம் தரையை விட்டு எழுந்த கணமே நின்று, ஓரடி பின்னால் போங்கள். ஒரு சொல்லும் வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். குட்டி கொஞ்சம் குழம்பும், ஒரு குரைப்பு வரலாம். பாதம் கீழே இறங்கியதும் மறுபடி முன்னால் வாருங்கள். எழுந்தால் பின்வாங்குங்கள். நாம் நெருங்குவதும் விலகுவதும் தன் பாதங்களைப் பொறுத்தே நடக்கிறது என்பது பல குட்டிகளுக்கு ஒரே அமர்வில் புரிந்துவிடும். அது புரிகிற கணம் பார்க்க அருமையாக இருக்கும். எழப்போன மார்பு பாதியில் நிற்கும், கண் நம் முகத்தை ஒருமுறை படிக்கும், பின்பாகம் தரையில் உட்காரும்.

அந்த நொடியிலேயே கறித்துண்டு வாயில் இருக்க வேண்டும். பையைத் துழாவி எடுப்பதற்குள் குட்டி எழுந்து இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். துண்டு சுற்றலுக்குக் கிடைத்த கூலியாகிவிடும். அதனால் முதலிலேயே கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் இடமும் முக்கியம். துண்டை மூக்குக்கு மேலே நீட்டினால் நாமே எழவைக்கிறோம். முகவாய்க்குக் கீழே, முடிந்தால் தரையிலேயே வையுங்கள். தடவுவதும் அப்படித்தான். உச்சந்தலைக்கு மேலிருந்து வரும் கையைப் பிடிக்கக் குட்டி எம்பும். குந்தி உட்கார்ந்து கழுத்தின் கீழும் மார்பிலும் சொறிந்துவிட்டால் அது அப்படியே சாய்ந்துகொள்ளும். நாம் குந்தும்போது அதற்கு வேண்டிய முகமும் அதன் உயரத்துக்கு வந்துவிடுகிறது.

அமர்வு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். களைத்த குட்டி முரட்டுத்தனமாகும், கடித்து விளையாடும். நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்க வேண்டிய வயது அது. எங்கும் போகாமல் கட்டியே கிடக்கும் குட்டி இன்னும் கடுமையாகத் தாவும், நாள் முழுக்கச் சேர்த்துவைத்த ஆவல் அத்தனையும் வாசல் திறக்கும் ஒரு நிமிடத்தில் கொட்டுவதால். ரேனும் லிண்டா கீலிங்கும் 2011ல் செய்த ஆய்வில், அரை மணி நேரம் தனியாக விடப்பட்ட நாய்களைவிட இரண்டு மணி நேரம் விடப்பட்டவை திரும்பி வந்தவரைக் கூடுதல் வேகத்தோடு வரவேற்றன. வேலைக்குப் போய்த் திரும்பும் மாலைதான் மிகக் கடினமான பாடம் என்பது இதிலிருந்தே தெரிகிறது. பழக்கத்தை அந்த நேரத்தில் தொடங்காதீர்கள். குப்பை கொட்டிவிட்டு வரும் இரண்டு நிமிட இடைவெளியில் தொடங்குங்கள்.

அப்பாவிடம் உட்காரும் குட்டி தாத்தாவிடம் தாவும். கூடத்தில் உட்காரும் குட்டி மாடிப்படியில் தாவும். இது பிடிவாதம் இல்லை. ஓர் இடத்தில், ஓர் ஆளிடம் கற்றதை நாய் அந்த இடத்தோடும் ஆளோடும் சேர்த்தே கற்கிறது. அதனால் புடவை கட்டியவர், லுங்கி கட்டியவர், ஹெல்மெட்டோடு வருபவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றியவர் என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் ஆறுதல்.

எல்லா நாயும் ஒரே காரணத்துக்காகத் தாவுவதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் நிக்கோல் டோரியும் சகாக்களும் 2012ல் இதைச் சோதித்தார்கள். தாவும் நாய்களை வெவ்வேறு சூழல்களில் வைத்து, கவனம் கிடைப்பதாலா, பொருள் கிடைப்பதாலா, எந்தக் கூலியால் தாவல் கூடுகிறது என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கேற்பச் சிகிச்சை வகுத்தார்கள். குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களுக்காக பிரையன் இவாட்டா 1982ல் உருவாக்கிய முறை இது, நாய்க்கும் பொருந்தியது. வீட்டில் இதை எளிதாகவே செய்யலாம். குட்டி வெறுங்கையோடு வருபவரிடம் தாவுகிறதா, தட்டோடு வருபவரிடம் மட்டுமா, பந்து எடுத்தவரிடம் மட்டுமா என்று சில நாள் பாருங்கள். தட்டுக்காகத் தாவும் குட்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வதால் எந்த நஷ்டமும் இல்லை. தட்டு மேலே போக வேண்டும்.

வாசல் மணிக்கென்று தனியாக ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோஃபியா யின்னும் சகாக்களும் 2008ல் வெளியிட்ட ஆய்வில், ஆள் வந்ததும் கதவுக்கு ஓடிக் குரைத்துத் தாவும் நாய்களை, மணி கேட்டதும் ஒரு விரிப்புக்குப் போய்ப் படுக்கப் பழக்கினார்கள். தொலைவிலிருந்து பொத்தானை அழுத்தினால் விரிப்பருகே உணவு தரும் கருவி ஒன்று அதற்கு உதவியது. கருவி இல்லாமலும் முடியும். ஒரு கோணிச்சாக்கை மடித்து, கதவு தெரியும்படி ஆனால் கதவிலிருந்து எட்டத்தில் போடுங்கள். முதலில் மணிச்சத்தம் இல்லாமல், சாக்கில் ஏறினால் துண்டு. பிறகு படுத்தால் துண்டு. பிறகு வீட்டிலுள்ளவரே வெளியே போய் மணி அடித்தால், கதவைத் திறந்தால், உள்ளே வந்தால் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு படி தாண்டினால் குட்டி எழுந்து ஓடும். ஒரு படி இறங்கிவந்து மறுபடி தொடங்க வேண்டும். மணிச்சத்தமே சாக்குக்குப் போகச் சொல்லும் சொல்லாக மாறும் நாள் வந்துவிட்டால், விருந்தாளியிடம் விளக்கம் சொல்ல வேண்டிய பாடு பாதி குறையும்.

அதுவரை விருந்தாளி வரும்போது குட்டி வாரில் இருக்கட்டும், அல்லது கிரில் கேட்டுக்கு உள்ளே. ஒவ்வொரு வெற்றித் தாவலும் ஒரு பாடம் என்பதால், தாவ வாய்ப்பே தராமல் இருப்பதும் பயிற்சிதான். முதியவர்களையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கண்டுகொள்ளாமல் நிற்கச் சொல்லிக் குட்டியோடு விடவே கூடாது. அவர்கள் விழுந்தால் எலும்பு முறியும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்: ஓடாதே, கத்தாதே, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நில். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட நேர்மையாகச் செய்கிறார்கள். தங்கள் அசைவால் ஒரு விலங்கு மாறுவதைக் கண்ணால் பார்க்கும் மகிழ்ச்சி அவர்களுக்குப் போதுமான கூலி. ‘பரவாயில்லை’ சொல்லும் உறவினருக்கோ தடை போடாமல் வேலை கொடுப்பதே நல்லது. கையில் ஒரு கறித்துண்டைக் கொடுத்து, ‘அவன் உட்கார்ந்ததும் நீங்களே குடுங்க அத்தை’ என்றால், எந்த அத்தையும் மறுப்பதில்லை.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏழெட்டு மாத வயதில் திடீரென்று எதுவுமே தெரியாதது போல் குட்டி நடந்துகொள்ளும். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷரும் சகாக்களும், வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை வைத்து 2020ல் இதை வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்த குட்டிகள் எட்டு மாதத்தில் வளர்ப்பவரின் சொல்லைத் தட்டின. அதே சொல்லை அறிமுகமில்லாதவர் சொன்னபோது கேட்டன. பருவமாற்றத்தின் வேலை இது, ஏறக்குறைய ஒரு வயதில் தெளிந்துவிடுகிறது. நாய்களை வீட்டைவிட்டு அனுப்பிவிடலாமா என்ற பேச்சு பல வீடுகளில் எழுவதும் இந்த மாதங்களில்தான். அப்போது செய்ய வேண்டியது கொஞ்சமே. பிஸ்கட்டுக்கு மாறியிருந்தால் மறுபடி கோழிக்கறியை எடுங்கள், மறுபடி வாரைக் கட்டுங்கள், நாலடி தூரத்திலிருந்து மறுபடி நடந்து வாருங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு வாரக் கணக்கு ஆனது இந்தமுறை நாள் கணக்கில் திரும்பி வரும்.